ஒன்பது மணிக்கு விடிஞ்ச ஜனவரி

வருஷத்துக்கு ரெண்டு தடவை, மார்ச்சுலயும் நவம்பர்லயும், எங்க ஆபீஸ் சாப்பாட்டு மேசையில ஒரே சண்டைதான். "இந்தக் கடிகாரத்தைத் திருப்புற கூத்தை எப்பதான் நிறுத்தப் போறாங்க?" டெட்ராய்ட் பக்கம் வந்து எனக்கு நாலு வருஷம் ஆச்சு. முதல் மூணு வருஷம் நானும் அந்தக் கோஷ்டியிலதான் சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேன்.

ஊர்ல இருக்கற மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இங்க மார்ச் ரெண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் நேரா 3க்குத் தாவிடும். நவம்பர் முதல் ஞாயிறு 2 மணி திரும்பவும் 1 ஆயிடும். சென்னையில நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். டெட்ராய்ட்ல அது ஆறு மணி நேரத்துக்கும் மேல. அதனாலதான் நமக்கு இந்தத் தலைவலியே புரியறதில்ல. ஆனா சென்னையில உட்கார்ந்திருக்கற என் டீமுக்கு நல்லாப் புரியும். இங்க காலை 8 மணிக்கு நடக்கிற கால், அவங்களுக்குக் கோடையில சாயங்காலம் 5:30, குளிர்காலத்துல 6:30. "உங்க ஊர்ல முள்ளைத் திருப்பினா எங்க பஸ் ஏன் பாஸ் போகணும்?"னு ஒவ்வொரு நவம்பரும் ஒருத்தன் கேப்பான். என்கிட்ட பதில் கிடையாது.

நான் இருந்த கட்சி எதுன்னா, கோடை நேரத்தையே வருஷம் பூரா வெச்சுக்கலாம் கட்சி. டிசம்பர்ல இங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கே சூரியன் மறைஞ்சிடும். ஆபீஸ் விட்டு வெளிய வந்தா கும்மிருட்டு. இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருந்தா மனுஷனா வாழலாமேன்னு ஆசை.

என் கட்சிக்கு முதல் வேட்டு வெச்சது அக்கா. போன ஜனவரியில அத்தான் ரெண்டு வாரம் வெளியூர் போயிட்டதால, அக்கா பையனை ஸ்கூல் பஸ் ஏத்திவிடற வேலை எனக்கு. பஸ் 7:40க்கு. சூரியன் உதிக்கறது 8 மணிக்கு. மைனஸ் பத்து டிகிரி, மங்கலான வெளிச்சம். ஒரு நாள் திரும்பி வந்து என் கொள்கையை அக்காகிட்ட விளக்கினேன். அவ தோசையைத் திருப்பிக்கிட்டே கேட்டா, "அப்போ சூரியன் எத்தனை மணிக்குடா வரும்?"

"ஒன்பது."

"இவன் பஸ் ஏறும்போது?"

நான் ஒண்ணும் சொல்லல. "போடா, குழந்தை இல்லாத பயலே"ன்னு தோசையைத் தட்டுல போட்டா :-)

ரெண்டாவது வேட்டு வேலையில இருந்து வந்தது. நவம்பர் ஞாயிறு அதிகாலை 1:30க்கு ஓட வேண்டிய ஒரு ரிப்போர்ட் ரெண்டு தடவை ஓடி வெச்சிருந்தது (அன்னிக்கு 1:30 ரெண்டு தடவை வந்துச்சே!). ஒரு வழியா அதைச் சரிபண்ணினோம். அக்கா கேட்ட கேள்வியும் மனசுல ஓடிக்கிட்டு இருக்க, ஒரு ராத்திரி கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நேரம் சொல்லிக்கொடுக்கற அந்த டைம்ஸோன் கோப்பையே திறந்து படிச்சேன். 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் ஆரம்பிச்சது. உலகத்துல எந்த ஊர் எப்ப கடிகாரத்தை மாத்திச்சுன்னு வரிவரியா இருக்கும். நம்ம போன்ல இருந்து பேங்க் வரைக்கும் அதை வெச்சுத்தான் ஓடுது. அதுல டெட்ராய்ட்டுக்குத் தனிப் பதிவே இருக்கு. நியூயார்க் நேரம்தானே, எதுக்குத் தனியா? அங்கதான் கதை.

டெட்ராய்ட் முதலில் சிகாகோவோடு சேர்ந்து மத்திய நேரத்தில் இருந்த ஊர். சாயங்கால வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு 'மோர் டேலைட் கிளப்' என்று ஒரு சங்கமே வைத்துப் போராடினார்கள். 1915ல் நகரம் கிழக்கு நேரத்துக்குத் தாவியது. அதனால் இங்கே குளிர்காலத்திலேயே சூரியன் உச்சிக்கு வர 12:30 தாண்டிவிடும். அதாவது நாங்க ஏற்கெனவே பாதிக் கோடை நேரத்துலதான் இருக்கோம். நான் கேட்டுக்கிட்டு இருந்தது அதுக்கு மேல இன்னொரு மணி நேரம்.

கோடை நேரம் என்பது அதற்கு மேலே வந்த சுமை. லண்டன் கட்டட வியாபாரி வில்லியம் வில்லெட் 1907ல் பகல் வீணாகிறது என்று ஒரு சிறு நூல் போட்டார். அவர் உயிரோடு இருந்தவரை யாரும் கேட்கவில்லை. 1915ல் இறந்தார். 1916ல் உலகப்போர் நடுவே நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனி முதலில் செய்தது, சில வாரத்தில் பிரிட்டன். அமெரிக்கா 1918ல். விவசாயிகளுக்காகக் கொண்டுவந்தது என்று இன்னிக்கும் லஞ்ச்ல ஒருத்தர் சொல்வார், அது தலைகீழ். பனி காயாமல் வைக்கோலை அள்ள முடியாது, மாடு கடிகாரம் பார்க்காது. எதிர்த்ததே விவசாயிகள்தான். ஜனாதிபதி வில்சனின் வீட்டோவையும் மீறி 1919ல் காங்கிரஸ் அதை ரத்து செய்தது.

இரண்டாம் உலகப்போரில் மறுபடி வந்தது. 1945க்கு அப்புறம் ஊருக்கு ஊர் இஷ்டம். ஒஹையோவில் ஸ்டூபன்வில்லிலிருந்து மேற்கு வர்ஜீனியாவின் மௌண்ட்ஸ்வில்லுக்கு 35 மைல் பஸ்ஸில் போனால் ஏழு தடவை கடிகாரத்தை மாற்ற வேண்டியிருந்ததாம். 1966ல் ஒரு சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தினார்கள், வேண்டாம் என்கிற மாநிலம் விலகிக்கொள்ளலாம் என்ற சலுகையோடு.

மிச்சிகனில் 1968 நவம்பரில் மக்களிடமே ஓட்டு கேட்டார்கள். சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் "வேண்டாம்" ஜெயித்தது. லட்சக்கணக்கான ஓட்டில் சில நூறு! 1972ல் திரும்பக் கேட்டார்கள், இந்த முறை "வேண்டும்". 1973 ஏப்ரலில் ஒருவழியாக முள்ளைத் திருப்பினார்கள். அந்த வரிகள்தான் டெட்ராய்ட்டுக்குத் தனிப் பதிவு வாங்கிக் கொடுத்தவை. அதற்கு அடுத்த வரியைப் பார்த்துத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1974 ஜனவரி 6, கோடை நேரம் ஆரம்பம். ஜனவரியிலா?

ஆமாம். என் கட்சியின் கொள்கையை அமெரிக்கா ஏற்கெனவே செஞ்சு பார்த்திருக்கு! 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்கில் வரிசை. டிசம்பர் 15ல் நிக்சன் கையெழுத்து போட்டார்: ஜனவரி முதல் 1975 ஏப்ரல் வரை தொடர்ந்து கோடை நேரம். அந்த டிசம்பர் கருத்துக்கணிப்பில் 79 சதவீதம் பேர் ஆதரவு. ஏறக்குறைய நம்ம லஞ்ச் டேபிள் மெஜாரிட்டி.

அப்புறம் ஜனவரி வந்தது. வாஷிங்டனில் விடிந்தது காலை எட்டரைக்கு, டெட்ராய்ட்டில் ஒன்பதுக்கு. பிள்ளைகள் நடு ராத்திரி மாதிரி இருட்டில் பஸ்ஸுக்கு நின்றார்கள். ஃப்ளோரிடாவில் காலை இருட்டில் பள்ளிக்குப் போன குழந்தைகள் வண்டி மோதி இறந்தார்கள். ஆளுநர் ரூபின் அஸ்க்யூ இதை ரத்து செய்யுங்கள் என்று கேட்டார். சில பள்ளிகள் மணியையே தள்ளி வைத்தன. அப்படியானால் கடிகாரத்தைத் திருப்பி என்ன லாபம்? பிப்ரவரியில் மறுபடி கேட்டார்கள். 79 சதவீதம் 42 ஆகியிருந்தது. அதே அக்டோபரில் ஜனாதிபதி ஃபோர்ட் குளிர்காலத்துக்குப் பழைய நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதுக்குள்ள நிக்சனே வீட்டுக்குப் போயாச்சு.

ரெண்டே மாசம். நாடு மாறல, ஜனங்க மாறல, மாதம்தான் மாறிச்சு. கருத்துக்கணிப்பு எதைக் கேக்குதுங்கறதை விட எந்த மாசத்துல கேக்குதுன்னு பாக்கணும்னு அன்னிக்கு எனக்குத் தோணிச்சு.

அதே கோப்பில் இன்னும் தேடினேன். பிரிட்டன் 1968ல் இதையே செய்து, ஸ்காட்லாந்துக் காலை இருட்டில் பட்டு, 1971ல் விட்டது. ரஷ்யா 2011ல் நிரந்தரக் கோடை நேரம் என்றது, 2014ல் கைவிட்டது. துருக்கி மட்டும் 2016ல் பிடித்த பிடியை விடவில்லை. கொழும்பு வரிகள்தான் என்னை ரொம்ப நேரம் நிறுத்தின. 1996 வறட்சி, நீர்மின்சாரம் படுத்துவிட்டது. மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி இரண்டையும் ஏற்கவில்லை. 2002ல் ஏ9 சாலை திறந்தபோது ஓமந்தையைத் தாண்டினால் கடிகாரமும் அரை மணி நேரம் பின்னே போகும். 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பியது. பிள்ளைகள் விடியும் முன் பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்ற குறை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அக்காவோட கேள்வியேதான்.

சரி, மின்சாரமாவது மிச்சமாச்சான்னா அதுவும் சந்தேகம். இண்டியானா 2006ல்தான் மாநிலம் முழுக்கக் கோடை நேரத்துக்கு வந்தது. முன்னும் பின்னும் உள்ள மின்கட்டணங்களை ஒப்பிட்ட ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள், செலவு ஒரு சதவீதம் போலக் கூடியதைக் கண்டார்கள். விளக்கில் மிச்சம், ஏசியில் செலவு. லாபம் யாருக்குன்னா, சாயங்கால வெளிச்சத்துல வியாபாரம் பாக்கறவங்களுக்கு. 1986ல் ஒரு மாதம் கூட்டக் கேட்டவர்களில் கோல்ஃப்காரர்களும் பார்பிக்யூ அடுப்பு விற்பவர்களும் முன்வரிசையில் இருந்தார்கள்.

2022 மார்ச்சில் அமெரிக்க செனட் எதிர்ப்பே இல்லாமல் நிரந்தரக் கோடை நேர மசோதாவை நிறைவேற்றியது. கடிகாரம் தாவி ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது, எல்லாருக்கும் தூக்கக் கலக்கம் :-) பிரதிநிதிகள் சபை அதைத் தொடாமலே விட்டது.

இந்த மார்ச்சும் லஞ்ச்ல சண்டை ஆரம்பிச்சது. நான் 1974ஐ எடுத்து விட்டேன். எங்க டீம்ல ரிடையராகப் போற ஒரு பெரியவர், இந்த ஊர்க்காரர், சாண்ட்விச்சைக் கீழ வெச்சிட்டுச் சிரிச்சார். அப்போ அவர் ஒண்ணாங்கிளாஸாம். அம்மா கையில டார்ச் லைட்டைக் குடுத்து, ஜாக்கெட்டுல பளபளக்கிற டேப் ஒட்டி அனுப்பினாங்களாம். பஸ் டிரைவர் டார்ச் வெளிச்சத்தைப் பாத்துத்தான் நிறுத்துவாராம்.

"அப்போ நீங்க எந்தக் கட்சி?"ன்னு ஆர்வமா கேட்டேன்.

"நிரந்தரக் கோடை நேரம்தான். எனக்கு இப்ப கோல்ஃப் இருக்கே"ன்னார்.