ஒருமுனை மும்முனையான வரலாறு



நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ஒருமுனை மின்சாரம். விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும். ஆனால், பட்டறையில் உள்ள பெரிய கடைசல் எந்திரம் போன்றவை மும்முனை மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டவை. சொந்தமாகச் சிறு பட்டறை வைக்க விரும்பும் நம் இளைஞர்களுக்கு முதலில் எதிர்ப்படும் தடை இதுதான். இந்தத் தடையைப் பெரிய அளவில் கடந்து காட்டியது இரயில் வண்டி என்றால் வியப்பாக இருக்கும்.

இன்றும் பட்டறைகளில் ஓடும் மும்முனை மோட்டாருக்கு 1889-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வடிவம் கொடுத்தவர், ருஷ்யாவில் பிறந்த பொறியாளர் டோலிவோ டொப்ரோவோல்ஸ்கி. ஒரு ராட்டினத்தை மூன்று பேர் சுற்றி நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தள்ளுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தானே சுற்றத் தொடங்கும். மும்முனை மின்சாரம் மோட்டாரைச் சுழற்றுவதும் அப்படித்தான். ஒருமுனையோ, ஒரே ஆள் தள்ளியும் இழுத்தும் நிற்பது போன்றது. மோட்டார் உறுமும், நகராது. ஆனால் ஒரு பக்கமாகச் சுழற்றிவிட்டால் தொடர்ந்து ஓடும். அப்படி ஓடும்போது, இணைக்கப்படாத மூன்றாவது முனையிலும் மின்னழுத்தம் பிறக்கிறது. இரகசியம் இங்கேதான் இருக்கிறது.

1902-இல் இத்தாலியின் வால்தெல்லினா பாதையில் ஹங்கேரியப் பொறியாளர் கால்மான் காண்டோ மும்முனை மின்சார இரயிலை ஓடவிட்டார். மேலே இரண்டு கம்பிகள். மூன்றாவது முனை தண்டவாளம். பாதைகள் பிரியும் இடங்களில் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று படாமல் கட்டுவது பெருந்தொல்லை. 1915-இல் அமெரிக்காவின் நார்ஃபோக் வெஸ்டர்ன் இரயில்வே, ஒரே கம்பியில் 11,000 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தை அனுப்பியது. எஞ்சினுக்குள் சுழன்ற ஒரு பொறி அதை மும்முனையாக்கியது. நிலக்கரி வண்டிகள் மலையேறின. காண்டோவும் அவ்வழியே முயன்றார். 1931-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே புடாபெஸ்டிலிருந்து அவர் வகுத்த இரயில் ஓடியது.

பட்டறையிலும் அதே தத்துவந்தான். ஒரு மும்முனை மோட்டாரை மின்தேக்கியின் உதவியால் கிளப்பி, சும்மா ஓடவிட்டு, அதிலிருந்து மூன்றாவது முனையைப் பெறுவார்கள். இயக்கவேண்டிய எந்திரத்தைவிட அது பெரிதாக இருப்பது நல்லது. இப்போது இதே வேலையைச் சுழலும் பாகமே இல்லாத மின்னணுக் கருவிகளும் செய்கின்றன.

ஒன்றை மறவாதீர்கள். எந்த வழியானாலும் முழு ஆற்றலும் அந்த ஒருமுனைக் கம்பி வழியாகவே வரவேண்டும். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பிடிக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இவ்வேலையைச் செய்யுங்கள். தொழில் கற்ற கை நம் செல்வம். அதைக் காப்பது நம் கடமை.