மண்ணின் மேல் மண்

எம் இல்லத்து அலமாரியில் ஊறுகாய்ச் சாடி ஒன்று உள்ளது. மேலே பழுப்பும் கீழே வெண்மையுமான அச்சாடி, ஊரிலிருந்து புகைவண்டியில் எம்முடன் வந்தது. ஆண்டு முழுவதும் உப்பையும் புளிப்பையும் தாங்கியும் அது கசிவதில்லை. அருகிலுள்ள மண்பானையோ கசிந்தே நீரைக் குளிர்விக்கிறது. இரண்டும் மண்ணால் ஆனவையே. இவ்வேறுபாட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

நுண்ணிய மண்ணைக் கரைத்து வடித்து, அக்குழம்பைக் கலத்தின்மேல் பூசுவது தொன்மையான வழக்கம். கலம் பாதி உலர்ந்த நிலையில் பூசினால்தான் கலமும் பூச்சும் ஒருங்கே சுருங்கும். முற்றும் உலர்ந்தபின் பூசினால் பெரும்பாலும் உரிந்துவிடும். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த செங்காவிப் பூச்சுக் கலங்கள் இக்கைத்திறனுக்குச் சான்று. ஆதிச்சநல்லூரின் கறுப்பு-சிவப்புக் கலங்களில் வேறொரு நுட்பம் உண்டு. கவிழ்த்துச் சுடுகையில் காற்றுப் படாத உட்புறம் கறுக்கும். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். மண்ணிலுள்ள இரும்பே சிவப்புக்குக் காரணம்.

ஆயினும் இப்பூச்சுகள் உருகியவை அல்ல. நம் ஊர்ச் சூளைகளின் வெப்பம் பெரும்பாலும் 1000 பாகைக்குள் அடங்குவது. 1200 பாகையைக் கடந்தால்தான் தக்க களிமண் கல்போல் இறுகும். இரும்பு மிகுந்த மண்பூச்சு உருகிக் கண்ணாடியாகும். சோங் அரசர் காலத்தில் (960–1279) சீனத்து ஃபூஜியன் பகுதிக் குயவர்கள் இரும்பு மிகுந்த மண்ணோடு மரச்சாம்பலைக் கலந்து கருநிறத் தேநீர்க் கிண்ணங்களைச் செய்தனர்.

அமெரிக்காவின் ஆல்பனி நகரத்து மண்ணுக்கோ சாம்பலும் வேண்டியிருக்கவில்லை. சுண்ணாம்பும் காரப்பொருள்களும் இயற்கையிலேயே அதில் அமைந்திருந்தன. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுக் குயவர்கள் சூளையில் உப்பை எறிந்து சாடிகளுக்கு மெருகேற்றினர். உப்பாவி நன்கு எட்டாத உட்புறத்தில் இம்மண்குழம்பைப் பூசினர்; அது பழுப்பு மெருகாக உருகியது. 1980களில் அம்மண்ணை வெட்டி எடுப்பது நின்றது. அதையே நம்பியிருந்த குயவர்கள் பல மண்களைக் கலந்து அதற்கு ஈடு தேட நேர்ந்தது.

இச்செய்தி எம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஒரு மண்ணின் இயல்பு அதைக் கையாள்வோரின் அறிவில் வாழ்கிறது. எந்தக் கண்மாய் மண் பானைக்கு ஆகும், எந்தக் காவி பூச்சில் நிற்கும் என்பதை நம் வேளார் பெருமக்கள் நூலில் எழுதி வைக்கவில்லை. மக்களுக்குக் கைப்பழக்கத்தால் தந்தனர். அம்மக்களும் இன்று நம்மைப் போலவே பிழைப்பு நாடி ஊர் நீங்குகின்றனர்.

ஆகவே அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது, முதிய குயவர் ஒருவரிடம் ஒரு நாழிகை அமர்ந்து, அம்மண்ணின் பெயரையும் எடுக்கும் இடத்தையும் கேட்டுக் குறித்து வாருங்கள். தொலைவிலிருந்தும் நாம் ஊருக்குச் செய்யக்கூடிய தொண்டு அது.