பிள்ளை யாரிடம்?

மனைவி வேலைக்குப் போகிறார்; கணவர் வீட்டிலிருந்து சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறார். இப்போது இது அதிசயம் இல்லை. இப்படி ஒரு தம்பதி பிரிந்தால் பிள்ளை யாரிடம் இருக்கும், யார் பணம் கட்ட வேண்டும்? "பிள்ளை அம்மாவிடம், பணம் அப்பாவிடமிருந்து. இதில் என்ன சந்தேகம்?" என்பார்கள் நம் வயதுக்காரர்கள். பிள்ளை அம்மாவிடம் என்பது ஆதியிலிருந்து வந்த வழக்கம் ஒன்றும் இல்லை.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பிள்ளை தகப்பனுக்கே உரியது. கரோலின் நார்டன் என்ற எழுத்தாளர் 1836-இல் கணவரைப் பிரிந்தபோது, மூன்று மகன்களும் கணவர் வசமானார்கள். அந்த அம்மாள் விடாமல் எழுதிப் போராடியதால் வந்தது 1839-ஆம் வருஷத்துச் சட்டம். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் விடும்படி தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்றது. கேட்கலாம், அவ்வளவுதான்.

நம் அன்னி பெசன்ட் அம்மையாரும் இதில் அடிபட்டவர். 1873-இல் கணவரைப் பிரிந்தார். மகன் தகப்பனிடம், மகள் மேபெல் இவரிடம். நாத்திகம் பேசினார், கருத்தடை பற்றிய புத்தகத்தை வெளியிட்டார் என்பதற்காக 1878-இல் மகளையும் அவரிடமிருந்து எடுத்துத் தகப்பனிடமே கொடுத்தது நீதிமன்றம். விதியைப் பாருங்கள், முப்பத்தைந்து வருஷம் கழித்து அதே அம்மையார் சென்னை உயர் நீதிமன்றத்தில் பிரதிவாதி! அடையாற்றில் இருந்த நாராயணய்யா, மனைவியை இழந்தவர். தம் பிள்ளைகள் ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் நித்யானந்தாவையும் 1910-இல் பெசன்ட் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார். பிறகு திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். அம்மையார் தாமே வாதாடினார். 1913-இல் தீர்ப்பு தகப்பன் பக்கம்; மேல்முறையீட்டிலும் அப்படியே. 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளிவிட்டது. பையன்கள் இருப்பது இங்கிலாந்தில், வழக்கு அங்கேதான் நடந்திருக்க வேண்டும், அவர்கள் விருப்பத்தையும் யாரும் கேட்கவில்லை என்பது காரணம். பிள்ளைகளை ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டதாலேயே தகப்பன் பொறுப்பு தீர்ந்துவிடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

நம் நாட்டில் 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம் பிள்ளையின் நலனைப் பார்க்கச் சொன்னது. 1956-ஆம் வருஷத்து இந்துச் சட்டம், தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின் தாய் என்றது. கூடவே, ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்றும் எழுதியது. பெயர் தகப்பனுக்கு, பாடு தாய்க்கு! எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் 'பின்' என்ற சொல்லுக்குப் புது அர்த்தம் கொடுத்தது: தகப்பன் உயிரோடு இருந்தாலும், பிள்ளையைக் கவனிக்காதபோது தாயே காப்பாளர். வளர்ப்பவர் யார் என்ற கேள்வி அங்கே வந்துவிட்டது. வீட்டில் இருந்து வளர்க்கும் அப்பாவுக்கும் அதே கேள்விதான் துணை.

பணம்? 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டப்படி வருமானம் இல்லாத கணவரும் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. 2024 வரை நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கு மட்டுமே இடம் இருந்தது, கணவருக்கு இல்லை. ஆனால், கேட்கலாம் என்றாலும் கிடைப்பது கஷ்டம். கை கால் நன்றாக இருக்கும் ஆண் சம்பாதிக்காமல் மனைவி காசுக்குக் கை நீட்டுவதா என்று நீதிமன்றங்கள் பல தடவை கேட்டிருக்கின்றன. அது நியாயமா? காலை ஐந்து மணிக்கு எழுந்து பால் காய்ச்சுபவன் எப்படிச் சும்மா இருப்பவன் ஆவான்? நம் வீட்டுப் பெண்களையும் இத்தனை காலம் "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்றுதானே சொன்னோம்.

பிள்ளைச் செலவு வேறு விஷயம். அது இரண்டு பேருக்கும் பொறுப்பு. 2000-இல் பத்மஜா சர்மா வழக்கில் தகப்பன் வருமானம் தாயின் வருமானத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. செலவை இரண்டுக்கு ஒன்று என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது. இதே கணக்குப்படி, சம்பாதிப்பவர் தாய் மட்டும் என்றால் பெரும்பங்கு அவர் தலையில்தான் விழும்.

இந்த நிலையில் இருக்கும் அப்பாக்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், தடுப்பூசி அட்டை, பள்ளி டைரி, டாக்டர் சீட்டு எதையும் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். யார் கூட்டிப்போனார், யார் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு அவைதான் சாட்சி.