கோடையில் கச்சேரியா? – பெங்களூர் ராமநவமி உற்சவம் காட்டிய வழி

எங்கள் ஊர்க் கிளையின் செயற்குழுக் கூட்டத்தில், வருகிற கோடையில் நான்கு நாள் சங்கீத விழா நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. உடனே ஒரு நண்பர், "கோடையில யார் ஸார் கச்சேரிக்கு வருவா? பாதிப் பேர் பேரன் பேத்தியைப் பார்க்க வெளியூர் போயிடுவா. பேசாம டிசம்பர்ல வெச்சுக்கலாம்" என்றார். "டிசம்பர்ல வித்வான்கள் எல்லாரும் மெட்ராஸ்லன்னா இருப்பா? நமக்கு யார் கிடைப்பா?" என்று இன்னொருவர் கேட்டார். மூன்றாமவர், நடத்துவதானால் ஏ.சி. ஹாலில், அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் நடத்தினால்தான் கௌரவமாக இருக்கும் என்றார். அதற்குள் காபி வந்துவிட்டது. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிற்று.

அன்று நான் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, எப்போது, எங்கே, யாருக்கு என்ற இந்த மூன்று கேள்விகளுக்கும் பெங்களூரில் ஒரு பள்ளி மைதானம் எண்பது வருஷங்களுக்கு மேலாகப் பதில் சொல்லி வருவது நினைவுக்கு வந்தது. பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கும் அது பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

டிசம்பர் எப்படி வந்தது?

இன்று சங்கீத சீஸன் என்றாலே டிசம்பர்தான். ஆனால் அந்த வழக்கத்துக்கு வயது நூறு வருஷம்தான். அதற்கு முன் வித்வான்களின் வருஷத்தைப் பஞ்சாங்கமே வகுத்தது. புஷ்ய பகுள பஞ்சமிக்குத் திருவையாறு; சைத்ர மாதம் ராமநவமி; ஆவணியில் கோகுலாஷ்டமி; புரட்டாசியில் நவராத்திரி. நடுவே கல்யாணக் கச்சேரிகள். வித்வான்களுக்கு வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டவை பெரும்பாலும் இவைதான்.

1927 டிசம்பரில் டாக்டர் அன்சாரி தலைமையில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதையொட்டி அகில இந்திய சங்கீத மாநாடும் நடந்தது. அங்கே பிறந்த எண்ணத்தின் பலனாக உருவான மியூசிக் அகாடமியை 1928 ஆகஸ்ட் 18 அன்று சர் சி.பி. ராமசுவாமி ஐயர் தொடங்கி வைத்தார். அகாடமியின் ஆண்டு மாநாடு டிசம்பரில் நிலைத்தது. மற்ற சபைகளும் அதைப் பின்பற்றின.

டிசம்பர் சௌகரியமான மாதம். கிறிஸ்துமஸ் விடுமுறை, கோர்ட்டும் காரியாலயமும் மூடியிருக்கும், வெளியூர் ரசிகர்கள் வந்து தங்கலாம், வெயிலும் இல்லை. மே மாதமோ கத்திரி. ஹைகோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. சபைகளைத் தாங்கிய வக்கீல்களும் வசதியுள்ள குடும்பங்களும் மலைப் பக்கம் கிளம்பிவிடும் காலம். ஆகவே குளிர்காலத்தைச் சென்னை எடுத்துக்கொண்டது. கோடையை எடுத்துக்கொள்ள வேறு ஊர் வேண்டியிருந்தது. கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடி உயரத்தில், சாயங்காலம் காற்று வீசும் பெங்களூர் அதற்குத் தோதாக அமைந்தது.

மைசூரில் போட்ட விதை

மைசூர் ராஜ்யத்தில் சங்கீதம் என்றால் முதலில் தசரா. அது அரண்மனை விழா. சன்மானமும் சால்வையும் மகாராஜா கையால் கிடைக்கும். வீணை சேஷண்ணா, மைசூர் வாசுதேவாச்சார் போன்ற மகாவித்வான்கள் ஆஸ்தானத்தை அலங்கரித்தார்கள். ஆனால் தர்பாரில் உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் ஊரில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்?

ராமநவமி அப்படியில்லை. அது கோயிலும் பஜனை மடமும் தெருவும் சேர்ந்து செய்த உற்சவம். மைசூர் ஆஸ்தான வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா (1866–1931) தம் முயற்சியால் ஒரு ராமர் மந்திரத்தையே எழுப்பினார். பிரசன்ன சீதாராம மந்திரம் என்று அதற்குப் பெயர். அங்கே ராமநவமிக் கச்சேரிகள் வருஷா வருஷம் நடந்தன. அரண்மனைச் சம்பளம் வாங்கிய ஒரு வித்வான், ஊரார் வந்து உட்கார்ந்து கேட்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தது பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.

அவருடைய சிஷ்யர்தான் பிடில் சௌடையா. ஒலிபெருக்கி பரவாத நாட்களில், பெரிய கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் வில்லின் நாதம் எட்டவேண்டும் என்பதற்காகவே ஏழு தந்தி வயலினைக் கையாண்டவர். 1980-ல் பெங்களூரில் அவர் பெயரால் வயலின் வடிவத்திலேயே ஒரு மண்டபம் திறக்கப்பட்டது.

1939: ஒரு பையனின் காரியம்

பெங்களூரில் கோட்டையை ஒட்டிய சாமராஜப்பேட்டை 1892-ல் உருவான பேட்டை. 1939-ல், இரண்டாம் உலகப் போர் மூள்வதற்குச் சில மாதங்கள் முன்னால், எஸ்.வி. நாராயணசுவாமி ராவ் அங்கே சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு ராமநவமி உற்சவம் தொடங்கினார். அப்போது அவர் மீசை அரும்பாத பையன். ஸ்ரீ ராமசேவா மண்டலியின் ஆரம்பம் அதுதான். பின்னாளில் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தல் அதன் நிலையான அடையாளமாகிவிட்டது.

பையன்கள் விளையாட்டாகத் தொடங்கும் உற்சவங்கள் சாதாரணமாக இரண்டு மூன்று வருஷத்தில் நின்றுபோகும். இது நிற்கவில்லை. யுத்தகாலத்தைக் கடந்தது; சமஸ்தானம் போய்க் குடியரசு வந்ததைக் கடந்தது. அரண்மனையின் ஆதரவு குறைந்த காலத்தில், ஊராரின் சந்தாவும் நன்கொடையும் டிக்கெட்டும் வித்வான்களைத் தாங்க முடியும் என்று காட்டியது. 2019-ல் அதற்கு எண்பத்தோராவது உற்சவம். செம்பை, செம்மங்குடி, எம்.எஸ்., பாலமுரளி, யேசுதாஸ் என்று அங்கே பாடியவர்களின் பட்டியல் கர்நாடக சங்கீதத்தின் பட்டியலே.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடத்தியவர் கன்னடியர். பாடியவர்களில் பலர் தமிழர்கள். பாடிய கீர்த்தனைகளில் பெரும்பாலானவை தெலுங்கு. கடைசியில் புரந்தரதாஸர் பதம் வந்தால் பந்தல் முழுக்கத் தலை ஆடும். பக்கத்து நாற்காலிக்காரர் எந்த ஊர், எந்த பாஷை என்று யாரும் விசாரித்ததில்லை.

ஏற்பாட்டின் நுணுக்கங்கள்

முதலில் தேதி. ராமநவமி சாந்திரமானக் கணக்கு. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். சீக்கிரம் வந்தால் பரீட்சைக் காலத்தோடு மோதும். இதற்கு நம் பஜனை சம்பிரதாயத்திலேயே வழி இருக்கிறது. நவமியோடு முடியும் ஒன்பது நாள் கர்ப்போத்ஸவம். நவமியில் தொடங்கும் ஒன்பது நாள் ஜனனோத்ஸவம். எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். பெங்களூர் மண்டலி இன்னும் தாராளமாக உற்சவத்தை ஒரு மாதத்துக்கு நீட்டிவிட்டது. அதனால் ஒரு வித்வானுக்குத் தேதி ஒத்துவராவிட்டால் அடுத்த வாரம் இருக்கிறது. சென்னையில் வெயில் கொளுத்தும்போது, பெங்களூர் மெயிலில் இரவு ஏறிக் காலையில் இறங்க எந்த வித்வானுக்கும் கசக்காது.

அடுத்தது இடம். கோடை விடுமுறையில் பள்ளி மைதானம் சும்மாதான் கிடக்கும். குழந்தைகள் படிப்பு கெடாது. பந்தலின் பக்கங்கள் திறந்திருந்தால் காற்று தாராளமாக வரும்.

ஆனால் திறந்தவெளிக்குச் சில தொல்லைகளும் உண்டு. உலர்ந்த காற்றில் மிருதங்கத்தின் வலந்தலை இறுகிச் சுருதி ஏறும். தொப்பியில் அப்பிய ரவை காய்ந்துவிடும். வித்வான் நடுநடுவே தண்ணீர் தொட்டுக்கொள்ள வேண்டும். திடீரென்று இடியோடு கோடைமழை வந்தால் நேர்மாறாகத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஆகவே மேடைக்கு மேல் நீர் ஒழுகாத கூரையும், பக்கவாட்டில் இறக்கிவிடத் தார்ப்பாயும், மேடையருகே ஒரு சொம்புத் தண்ணீரும் அவசியம். கேட்க அற்பமாக இருக்கும். கச்சேரி கெடுவதெல்லாம் இப்படிப்பட்ட அற்பங்களால்தான்.

மூன்றாவது நேரம். முன்பெல்லாம் கச்சேரி நான்கு மணி நேரம் போகும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கலாசார, சமய விழாக்களுக்கென்று வருஷத்தில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி இருக்க வேண்டாம். ஆறரைக்குத் தொடங்கினால் மூன்று மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். சபாநாயகர் பேச்சையும் பொன்னாடையையும் சுருக்கினால் ஒரு பல்லவிக்கே இடம் வரும்.

நான்காவது, நம் பெரியவர்கள் எவரும் சொல்லித்தராமலே செய்துவந்தது. ராமநவமிக்குப் பானகம், நீர்மோர், வடைப்பருப்பு. கன்னடத்துக்காரர்கள் கோசம்பரி என்பார்கள். கூட ஒரு பனை விசிறி. வெயிலில் வந்தவருக்கு என்ன வேண்டுமோ அதையே நைவேத்யமாக்கி வைத்திருக்கிறார்கள். கோடையில் யார் வருவார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

வேலிக்கு வெளியே

1971-ல் நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சாமராஜப்பேட்டையில் ஒரு மாமி வீட்டு மாடியில் வாசம். சம்பளத்தில் பாதி ஊருக்கு மணியார்டர். ராமநவமி டிக்கெட்டுக்கு மிச்சம் இருக்காது. சாயங்காலம் சைக்கிளை மைதானத்துக்கு வெளியே சாத்திவிட்டு, மதில் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். எனக்கு முன்பே அங்கே ஒரு கூட்டம் இருக்கும். கடை கட்டிவிட்டு வந்தவர்கள், வீட்டு வேலை முடித்துக் குழந்தையோடு வந்த பெண்கள், கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு மாணவர்கள். ஒருநாள் இரவு தோடி ஆலாபனை. எனக்குப் பக்கத்தில் வேலைசெய்த கைகளோடு அப்படியே வந்திருந்த ஒரு தச்சர், ஒவ்வொரு சஞ்சாரத்துக்கும் "பலே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நான் ராகத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிட்டார். தோடியை அடையாளம் காண நான் கற்றுக்கொண்டது அந்த மதில் ஓரத்தில்தான். சில வருஷங்கள் கழித்து டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். வெளியே கேட்ட பழக்கம் இல்லாவிட்டால் உள்ளே போயிருக்கவே மாட்டேன்.

ஏ.சி. ஹால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரல், மே மாத டில்லியில் பந்தலில் கச்சேரி வைத்தால் ரசிகர்களை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேண்டும். மும்பையில் 1952-ல் தொடங்கிய ஷண்முகானந்தா சபை 1963-ல் பெரிய அரங்கம் கட்டியது. 1990-ல் தீக்கு இரையான அதை 1998-ல் மீண்டும் திறந்தது. அந்தச் சாதனையை யார் மறுக்க முடியும்? ஊருக்கு ஏற்ற இடம். ஆனால் ஹாலுக்குக் கதவு உண்டு. கதவு இருந்தால், வெளியே நின்று கேட்கிறவருக்கு நாம்தான் யோசித்து ஓர் இடம் செய்து வைக்கவேண்டும். பந்தலில் அது தானாகவே அமைந்திருந்தது.

2020-ல் ராமநவமி ஏப்ரல் 2. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அந்த வருஷம் மைதானத்தில் கூட்டம் கூட வழியே இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து பழைய ஒலிநாடாக்களைக் கேட்டபோது எனக்குக் குறைவாகத் தோன்றியது பாட்டில் இல்லை. பக்கத்தில் "பலே" சொல்ல ஆள் இல்லாததுதான்.

அடுத்த கூட்டத்தில் நான் சொல்லப்போவது

கோடையிலேயே நடத்துவோம். ராமநவமியை ஒட்டித் தேதி வைப்போம். சென்னைக்காரர்களை ஆறு மாதம் முன்பே கேட்போம். பக்கவாத்தியத்துக்கு உள்ளூர்க்காரர்களையும் சேர்ப்போம். தினம் மாலை ஐந்து மணிக்கு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் மேடை கொடுப்போம். ஹாலோ பந்தலோ, வாசலில் நீர்மோர்ப் பானையும், அழைப்பிதழ் இல்லாதவர்களுக்குக் கடைசி நான்கு வரிசையும், வெளியே ஒரு ஒலிபெருக்கியும் வைப்போம். வாசலில் நிற்பவர் யார், எந்தத் தெரு என்று கேட்காமல் ஒரு டம்ளர் மோர் கொடுப்போம்.

காபி வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.