நடுகல் காட்டும் வீரன்

வீரன் என்றதும் பகைவர் நாட்டை வென்று கொடி நாட்டிய மன்னரே பலருடைய நினைவுக்கு வருவர். மெய்க்கீர்த்திகள் அவர்தம் வெற்றிகளை விரித்துரைப்பதே அதற்குக் காரணம். ஆயின், பண்டைத் தமிழர் கல் நட்டுப் போற்றிய வீரருள் பெரும்பாலோர் முடிமன்னர் அல்லர். ஊர்ப்புறத்தே ஆநிரைப் பூசலில் உயிர் நீத்த எளியோரே ஆவர்.

நடுகல் மரபு மிகத் தொன்மையானது. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல், அதனை நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துக் கூறுகின்றது. இஃது ஏட்டளவில் நின்ற செய்தி அன்று. 2006 ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் மாண்ட அந்தவன் என்பானுக்கு உரியது. மாடு என்னுஞ் சொல்லே செல்வத்தையும் குறித்த காலம் அது. ஆநிரை போனால் ஊரின் வாழ்வே போயிற்று.

ஈண்டு ஓர் ஐயம் எழக்கூடும். நிரை மீட்கச் சென்றோர்க்கு மட்டுமன்றி, நிரை கவரச் சென்றோர்க்கும் கற்கள் நடப்பட்டன. வெட்சியும் கரந்தையும் ஒருங்கே போற்றப்பட்டன. ஆகவே, நடுகல் வீரம் எஞ்ஞான்றும் அறத்தின் பக்கமே நின்றது எனக் கூறுவதற்கில்லை. இருதிறத்தார்க்கும் பொதுவாக நின்ற பண்பு ஒன்றே: தம்மவர்பொருட்டுச் சென்றனர், புறங்கொடாது நின்று மாய்ந்தனர். சில கற்களில் வீரன் உடலில் அம்பு தைத்த கோலத்திலேயே செதுக்கப்பட்டிருப்பதும் இதனை வலியுறுத்தும்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் இக்கருத்தை மேலும் தெளிவாக்குகின்றது. அது முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 7 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்குங்கால் இறந்தான். அவனுடைய நாய் கோவிவன், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் கல்லில் இடம் பெற்றது. நாயின் பெயரும் அழியாது நின்றது. பல்லவப் பேரரசனோ அக்கல்லில் ஆண்டினைக் குறிக்க மட்டுமே வருகின்றான்! புகழ் பிறப்பையோ பதவியையோ பார்த்து வருவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

வீரரை வாயால் வாழ்த்திவிட்டு அவர் குடியை மறந்துவிடும் வழக்கமும் அன்று இல்லை. மாண்டோரின் சுற்றத்தார்க்கு நிலம் வழங்கினர். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். ஊருக்காகச் சிந்திய குருதிக்கு ஊர் கடன்பட்டது என்பதை அப்பெயரே உணர்த்தும்.

இம்மரபின் உயர்நிலையைச் சிலப்பதிகாரத்தில் காணலாம். வஞ்சிக் காண்டத்துக் காதைகள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனப் பெயர் பெற்றுள்ளன. ஆகோளில் பட்ட ஆடவனுக்கு உரியதாய் இருந்த அச்சிறப்பு அனைத்தும் ஒரு பெண்ணுக்கு அளிக்கப்படுகின்றது. கண்ணகி வாள் ஏந்தினாள் அல்லள். அரசவையில் தனித்து நின்று, தவறிய நீதியைச் சிலம்பு கொண்டு மெய்ப்பித்தாள். தன்னவர்க்காக நிற்றல் என்னும் பழைய வீரத்தோடு அறத்திற்காக நிற்றல் என்னும் புதிய பொருளையும் இளங்கோவடிகள் இணைத்துவிட்டார்.

எத்துணைப் பேரை வீழ்த்தினான் என்பது வீரத்தின் அளவுகோல் அன்று. யார்பொருட்டு நின்றான், எதன்பொருட்டு நின்றான் என்பதே அளவுகோல். வெற்றியை மன்னன் தானே பொறித்துக் கொள்ளலாம். நடுகல்லையோ பிறரே நடுதல் வேண்டும்.