மூன்றாவது என்றால் கடைசி அல்ல

‘மூன்றாம் உலகம்’ என்றதும் வறுமையும் பஞ்சமும்தான் நம் கண்முன் வருகின்றன. முதலாவது பணக்கார நாடுகள், இரண்டாவது சோவியத் அணி, மிச்சம் மீதியெல்லாம் மூன்றாவது என்று ஒரு தரவரிசையாகவே அதைப் படித்துவிட்டோம். சொல் பிறந்த இடத்துக்குப் போனால் இந்தப் பொருள் நிற்காது. 1952 ஆகஸ்டில் பிரெஞ்சு மக்கள்தொகை ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் சோவி ஒரு வார இதழ்க் கட்டுரையில் ‘தியெர் மோந்த்’ என்று எழுதினார். பிரெஞ்சில் மூன்றாவது என்பதற்கு அன்றாடச் சொல் வேறு இருக்கிறது. அதை விட்டு, ‘தியெர்’ என்ற பழஞ்சொல்லை அவர் எடுத்தது தற்செயல் அல்ல. புரட்சியின் வரலாற்றைப் படித்த பிரெஞ்சுக்காரருக்கு அது ‘தியெர் எத்தா’வை, அதாவது மூன்றாம் எஸ்டேட்டை உடனே நினைவூட்டும்.

1789 மே மாதம் வெர்சாயில் கூடிய எஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற பிரதிநிதிகள் அவையில் மதகுருமார் ஒரு பிரிவு, பிரபுக்கள் ஒரு பிரிவு. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவர்கள் மூன்றாம் பிரிவு. அதற்கு முந்தைய டிசம்பரில் மன்னர் அவர்களுடைய இடங்களை இரு மடங்காக்கினார். ஆனால் தலைக்கு ஒரு வாக்கா, பிரிவுக்கு ஒரு வாக்கா என்பதை முடிவு செய்யாமல் விட்டார். பழைய வழக்கப்படி பிரிவுக்கு ஒன்று என்றால், சலுகை பெற்ற இருவரும் சேர்ந்தாலே இரண்டுக்கு ஒன்று. ஜூன் 17 அன்று மூன்றாம் பிரிவினர் தங்களையே தேசிய சபையாக அறிவித்தார்கள். சோவி கடன் வாங்கியது இந்த நிலையைத்தான். எண்ணிக்கையில் பெரும்பான்மை, முடிவெடுக்கும் இடத்தில் சிறுபான்மை. ஆகவே அந்தச் சொல்லில் இருப்பது இரக்கம் அல்ல, உரிமைக் கோரிக்கை.

இந்த நாடுகளுக்குள் ஒற்றுமை எங்கே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 1955இல் பாண்டுங்கில் 29 நாடுகள் கூடின. அங்கே ஒன்றாக உட்கார்ந்த இந்தியாவும் சீனாவும் ஏழே ஆண்டுகளில் போரிட்டன. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது அதிகம் தவித்தவை எண்ணெய் வாங்கும் ஏழை நாடுகள். ஆனால் பாரிஸின் பெரும் வணிகரும் கிராமத்துக் கூலிக்காரரும் ஒரே மூன்றாம் பிரிவில்தானே இருந்தார்கள்? அவர்களைச் சேர்த்தது பொது நலன் அல்ல, அவையில் அவர்களுக்குக் கிடைத்த இடம்.

1991க்குப் பிறகு இரண்டாம் உலகமே இல்லையே, எண்ணுவதில் என்ன பொருள் என்பது அடுத்த ஆட்சேபம். ‘உலகளாவிய தெற்கு’ என்ற மாற்றுப் பெயரும் வந்துவிட்டது. அது திசையைக் காட்டுகிறது. வாக்கைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஐ.நா. 51 நாடுகளோடு தொடங்கி இன்று 193 நாடுகளாக வளர்ந்திருக்கிறது. வீட்டோ அதிகாரம் அதே ஐந்து இருக்கைகளில் இருக்கிறது. பன்னாட்டு நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு தேவை. அமெரிக்காவின் பங்கு மட்டுமே 15 சதவீதத்துக்கு மேல். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் குரல் கொடுத்த பின், 1965இல் பாதுகாப்பு மன்றத்தின் நிரந்தரமற்ற இடங்கள் 6லிருந்து 10 ஆயின. வெர்சாயைப் போலவே இங்கும் நாற்காலிகள் கூடின. வீட்டோவில் யாரும் கை வைக்கவில்லை.