இருவேல்பட்டுக்கு நூறு வருஷக் கணக்கு

வறுமை ஆராய்ச்சி பெரும்பாலும் எப்படி நடக்கும் தெரியுமா? ஆய்வாளர் ஒரு ஊருக்குப் போவார், கணக்கெடுப்பார், புத்தகம் போடுவார். அதோடு சரி. அந்த ஊர் அந்த வருஷத்திலேயே உறைஞ்சு நின்னுடும். அங்கிருந்த கூலிக்காரரின் பேரன் என்ன ஆனான்னு யாரும் திரும்பிப் போய்க் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் ஐந்து ஊர்களுக்கு மட்டும் வேறு கதி வாய்த்தது. 1916ல் முதல் கணக்கெடுப்பு நடந்தது. அதன்பிறகு தலைமுறைக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் அங்கே திரும்பிப் போனார். இதைத் தொடங்கிவைத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

ஸ்லேட்டர் 1864ல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பிறந்தவர். இங்கிலாந்துக் கிராமங்களின் பொதுநிலங்களை வேலியடைத்துத் தனிச்சொத்தாக்கிய வரலாற்றைப் பற்றி 1907ல் ஒரு நூல் எழுதினார். பிறகு தொழிலாளர்களுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வரானார். நிலம் யார் கையில் இருக்கிறது, யார் கையிலிருந்து போனது என்ற கேள்வியிலேயே பழகிய மனிதர். 1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

வந்தவர் ஒரு எளிய காரியம் செய்தார். மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, தங்களுக்குத் தெரிந்த கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, யார் உழுகிறார், கூலி என்ன, கடன் எவ்வளவு? மாவட்டக் கணக்குகளில் கிடைக்காத விஷயங்கள் இவை. பதில்கள் 1918ல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. மலையாள, தெலுங்கு ஊர்களும் அதில் உண்டு. ஆனால் பின்னாளில் அதிகம் பேசப்பட்டவை ஐந்து தமிழ் ஊர்கள்தான்: தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு, வடஆர்க்காட்டில் தூசி, தஞ்சையில் பாலக்குறிச்சி, ராமநாதபுரத்தில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான்.

இருவேல்பட்டைப் பார்ப்போம். இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் ஊர். நிலத்தில் பெரும்பங்கு ரெட்டியார்கள் கையில். வயலில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் படியாட்கள். அப்பா வாங்கிய கடனுக்கு மகன் உழைப்பான், மகனுக்குப் பின் பேரன். கடன் அடையவே அடையாது. நிலம் கைமாறினால் ஆளும் சேர்ந்து கைமாறுவான். 1916ன் கணக்கு இதைப் பதிவு செய்தது. கூலி எத்தனை மரக்கால் என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் இந்த மனிதரை நாம் "குறைந்த வருமானக்காரர்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அவருக்குக் குறைவாக இருந்தது வருமானம் மட்டுமா? வேலையை விட்டுப் போகும் உரிமையே இல்லையே!

இன்னொன்றையும் கவனிக்கணும். அந்தக் காலத்தில் சென்னையில் கல்லூரி படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேல்சாதியினர், நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் சேரியைப் பற்றி எழுதினாலும் ஊர்த்தெருவில் நின்றுதான் எழுதினார்கள். படியாள் அந்தக் கணக்கில் இருக்கிறார், அவர் குரல் இல்லை. இந்த நூலை இன்று வாசிக்கும்போது அதை மறந்துவிடக் கூடாது.

1920களின் தொடக்கத்தில் ஸ்லேட்டர் இங்கிலாந்து திரும்பினார். 1924ல் வந்த திராவிடப் பண்பாடு பற்றிய நூல்தான் இன்று பலருக்கும் அவர் பெயரை நினைவூட்டும். ஆனால் ஊர்கள் மறக்கப்படவில்லை. 1930களில், உலகப் பெருமந்தம் விவசாயிகளை உலுக்கியபின், பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி கணக்கெடுத்தார்கள். அந்த நூல் வந்தது 1940ல். ஸ்லேட்டர் அதைப் பார்க்கவில்லை, 1938லேயே இறந்துவிட்டார். 1960களின் தொடக்கத்தில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். ஆப்பிரிக்காவில் காம்பியாவின் ஒரு கிராமத்தை ஆராய்ந்துவிட்டு வந்தவர் அவர். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பொறுப்பை ஏற்றது. அரசு அதிகாரியாக இருந்து ஆய்வாளரான எஸ். குஹன், மானுடவியலாளர் ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து இருவேல்பட்டுக்குப் போனார். 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள்.

இத்தனை பேர் திரும்பிப் போனதில் என்ன தெரிந்தது? படியாள் கட்டு அறுந்துவிட்டது. ரெட்டியார்களின் பிடி தளர்ந்தது. ஊர் அரசியலில் வன்னியர்கள் மேலே வந்தார்கள். தலித் குடும்பங்களுக்கு வெளியூர் வேலை, ரேஷன் அரிசி என்று வேறு பிடிமானங்கள் கிடைத்தன. ஒருவர் வயலையே நம்பிப் பிழைக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் 1916ல் ஸ்லேட்டர் கேட்ட முதல் கேள்வியை மறுபடி கேட்டால் பதில் சங்கடமானது. வயலில் இறங்கி உழைத்த தலித்துகளில் பெரும்பாலோருக்கு நிலம் வந்து சேரவில்லை. தளை போய்விட்டது, நிலம் கிடைக்கவில்லை. வறுமைக்கோடு என்ற ஒற்றைக் கோட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் "முன்னேற்றம்" என்று சொல்லி முடித்துவிடலாம். நூறு வருஷக் கணக்கைப் புரட்டிப் பார்க்கிறவரால் வறுமை குறைந்ததையும் ஏற்றத்தாழ்வு இடம் மாறி உட்கார்ந்திருப்பதையும் ஒரே பக்கத்தில் பார்க்க முடிகிறது.

அடுத்து யாராவது அந்தக் கேள்வித்தாளோடு அங்கே போவார்கள். இந்தமுறை அது சேரியிலிருந்து படித்து வந்த ஒருவர் கையில் இருக்கட்டும். கேள்விகளே கொஞ்சம் மாறக்கூடும்.